சக்கரம் இல்லாத மீட்டர்

அந்தப் புது மீட்டரில் சக்கரம் இல்லை. தோட்டத் தொழிலாளர் குடியிருந்த அந்த லயத்துக்குள் சந்தேகம் புகுந்தது அந்த வழியாகத்தான்.

பழைய மீட்டரை எல்லோருக்கும் தெரியும். கண்ணாடிக்குப் பின்னால், தேத்தண்ணிக் கோப்பையின் வாய் அகலத்தில் ஓர் அலுமினியத் தட்டு படுக்கைவாட்டில் சுற்றும். அதன் விளிம்பில் ஒரு கறுப்புக் கோடு. ஒரு பல்பு மட்டும் எரிந்தால் அந்தக் கோடு ஆடி அசைந்து வரும். இஸ்திரிப் பெட்டியைச் செருகினால் ஓட்டம் பிடிக்கும். எழுத்துத் தெரியாதவர்கள்கூட அதைப் பார்த்து, "ஓடுது, ஓடுது, எதையாச்சும் நிப்பாட்டு!" என்று சத்தம் போடுவார்கள். அந்த மீட்டர் ஒவ்வொரு குடும்பத்தின் காம்பராவுக்குள்ளும், சாமி படத்துக்குப் பக்கத்தில் இருந்தது.

உள்ளே இருந்ததுதான் அதன் குறை. மீட்டர் பார்க்கிறவர் பகலில் வருவார். பகலில் லயமே மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருக்கும், கதவெல்லாம் பூட்டியிருக்கும். அதனால் இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு, இலங்கை மலைநாட்டில் நோட்டன் பிரிட்ஜ் ஊருக்கு மேலே இருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்துக்கு ஓர் ஒப்பந்தக்காரரின் ஆட்கள் வந்தார்கள். பழையவற்றைக் கழற்றினார்கள். லயத்தின் ஒரு கோடியில், தண்ணீர்ப் பீலி இருக்கும் பக்கத்துச் சுவரில் ஒரு பெரிய பலகை அடித்து, பன்னிரண்டு எலெக்ட்ரோனிக் மீட்டர்களை இரண்டு வரிசையாகப் பொருத்தினார்கள். அது முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை லயம். மலையைப் பார்த்து ஆறு காம்பரா, ஆற்றைப் பார்த்து ஆறு காம்பரா. பலகையின் மேல் வரிசை மேல்பக்கத்துக்காரர்களுக்கு, கீழ் வரிசை கீழ்பக்கத்துக்காரர்களுக்கு. ஒவ்வொன்றின் அடியிலும் வெள்ளைப் பெயின்டில் ஒன்று முதல் ஆறு வரை எண்.

புது மீட்டரில் இருந்ததெல்லாம் கொஞ்சம் இலக்கங்களும், கடுகளவு சிவப்பு லைட்டும்தான்.

"இந்த லைட்டு எதுக்குங்க?" என்று கீழ்பக்கத்து இரண்டாம் காம்பரா ஜீவராணி அன்றைக்கே கேட்டாள்.

"கரண்டு ஓடினா மின்னும். நின்னா நிக்கும்," என்றான் ஏணியில் நின்றவன்.

அவன் சொன்னது சரிதான். அந்த லைட் வேறொன்றுமில்லை, பழைய சக்கரத்தின் வாரிசு. ஒரு யூனிட் மின்சாரம் போவதற்குள் அது ஆயிரத்து அறுநூறு தடவை மின்னும். ஒரு பல்பு எரிந்தால் அரை நிமிடத்துக்கு மேல் காத்திருந்தால்தான் ஒரு மின்னல். இஸ்திரிப் பெட்டி போட்டால் இரண்டு மூச்சுக்கு ஒரு தடவையாவது வெட்டும். ஆக, பார்க்கத் தெரிந்தால் கறுப்புக் கோட்டைவிட இது துல்லியம். ஆனால் சுற்றுகிற ஒன்றை நம்புகிற மாதிரி, மின்னுகிற ஒன்றை மனசு சட்டென்று நம்புவதில்லை.

புது மீட்டரின் முதல் பில் வந்ததும் பீலியடியில் பெரிய வாக்குவாதம் நடந்தது.

"எனக்கு இருக்கிறது ஒத்த பல்பு," என்றாள் கீழ்பக்கத்து முதலாம் காம்பரா ராசம்மா, குடத்தை இடுப்பிலிருந்து இறக்கி வைத்துவிட்டு. "அதையும் சோறு தின்னதும் அணைச்சிடுறேன். எனக்கு எப்புடி இம்புட்டு வரும்? அந்தச் செவப்பு லைட்டுதான் ராவும் பகலும் கரண்டக் குடிக்குது!"

"அடப் போங்கக்கா. மீட்டருன்னா இதுதான் மீட்டரு," என்றான் ஆறாம் காம்பரா பொன்னையா. அவன் வீட்டு முன்பக்கத்தில் சின்னக் கடை வைத்திருந்தான். கடையில் சோடா குளிர வைக்க, கரண்டில் ஓடும் ஓர் ஐஸ் பெட்டியும் இருந்தது. "எனக்குப் பாதிக்குப் பாதி கொறஞ்சிருச்சு. பழசு கள்ள மீட்டரு."

ஐந்தாம் காம்பரா வீரய்யா துண்டை உதறித் தோளில் போட்டார். அவர் தோட்டத் தலைவர். தொழிலாளர்களுக்கு ஒன்றென்றால் துரையிடம் போய் நிற்பவர். "எனக்கும் கொறஞ்சிருக்கு. சிக்கனமா இருக்கிறவனுக்கு எந்த மீட்டரும் ஒண்ணுதான். என்னைப் பாரு. பனி கொட்டுற காலத்திலயும், ஊரு எந்திரிக்க முந்தியே பச்சத் தண்ணியில குளிச்சு முடிச்சிடுறேன். கிரைண்டரு, அது இதுன்னு வச்சிருக்கிறவங்கதான் பில்லப் பாத்து அழுவாங்க."

அவர் யாரைச் சொன்னார் என்பது எல்லோருக்கும் தெரியும். ஜீவராணி வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்தாள்.

அந்தக் கிரைண்டர் அவள் வாழ்க்கையில் தனக்கென்று கேட்டு வாங்கிய முதல் பொருள். கினிகத்தேனைக் கடையொன்றில் தவணைக்கு எடுத்தது. அதற்கு முன், பகலெல்லாம் கொழுந்து பறித்த கையோடு வந்து ஆட்டுக்கல்லில் மாவாட்டுவாள். விரல்கள் மடங்காமல் விறைத்துப் போகும். கிரைண்டர் வந்த பிறகு இரண்டு மடங்கு மாவு. காலையில் பெயர் பதியும் பெரட்டுக்குப் போகும் வழியில் தோசை வாங்கித் தின்னாமல் போகிறவர்கள் குறைவு. தோட்டத்தின் அடுத்த டிவிசனிலிருந்துகூட ஆள் வருவார்கள். 'கந்தப்பன் பொஞ்சாதி' என்று கூப்பிட்ட வாய்கள் 'தோசைக்காரம்மா' என்று கூப்பிடத் தொடங்கியிருந்தன.

இரண்டாவது பில்லும் முதலாவதைப் போலவே வந்தபோது, தேயிலை ஸ்டோரில் வேலை செய்யும் அவள் புருஷன் கந்தப்பன் அதைச் சாமி படத்துக்குக் கீழே வைத்துவிட்டு அவள் பக்கம் திரும்பினான்.

"ராணி, கோவப்படாம கேளு. கினிகத்தேனை மொதலாளிகிட்ட பேசிட்டேன். கிரைண்டர எடுத்துக்கிறாராம். ஞாயித்துக்கெழமை வேன் வருது."

"என்னையக் கேக்காமயா?"

"கேட்டா வேணாம்ப."

"தெரியுதுல்ல? பெறகு ஏன் பேசினீங்க?"

"தோசையில வர்றது அம்புட்டும் பில்லுக்குப் போவுது புள்ள. நாம அந்தக் கிரைண்டருக்கு வேலைக்காரங்களா?"

அவன் முகத்தில் கோபமில்லை, களைப்புத்தான் இருந்தது. அதனால் அவளுக்குச் சண்டை போடவும் வழியில்லாமல் போனது. "ஞாயித்துக்கெழமைக்குள்ள கிரைண்டரு இம்புட்டுத் திங்கலன்னு நான் காட்டினா?" என்றாள்.

"காட்டு. நானே வேனத் திருப்பி அனுப்புறேன்."

புதன்கிழமை மலையில் கொழுந்து குறைவு. அரைநாளோடு அனுப்பிவிட்டார்கள். கந்தப்பன் இரவு வேலைக்காரன், அன்று வீட்டில் இருந்தான். ஜீவராணி கூடையை இறக்கிய கையோடு வீட்டிலிருந்த பல்பு, ரேடியோ எல்லாவற்றையும் நிறுத்தினாள். பலகையடிக்குப் போய்க் கீழ் வரிசையின் இரண்டாம் மீட்டர் முன்னால் நின்றாள். சிவப்பு லைட் இருண்டு கிடந்தது. நின்றால் நிற்கும் என்று ஏணிக்காரன் சொன்னது சரி. 'மீட்டர் நல்ல மீட்டர்தான்' என்று நினைத்துக்கொண்டு, "கிரைண்டரப் போடுங்க!" என்று கத்தினாள்.

உள்ளே கல் உருளும் சத்தம் கேட்டது. அவள் லைட்டையே பார்த்தாள். மின்னவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள். உளுந்து பொங்கி வரும் அளவுக்கு நேரம் போயிற்று. லைட் ஒரு தடவைகூட மின்னவில்லை.

கந்தப்பன் கையைத் துடைத்துக்கொண்டு வந்தான். "என்னா சொல்லுது?"

"ஒண்ணும் சொல்லலங்க. கிரைண்டரு ஓடுறதே அதுக்குத் தெரியல."

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சும்மாவே ஓடுதா? அப்ப தொரை பங்களாவுக்கும் சேத்து ஆட்டிக் குடு!"

அவள் சிரிக்கவில்லை. கிரைண்டர் எதுவும் தின்னவில்லை என்று மீட்டரே சொல்லுகிறது. பிறகு பில்லில் இருப்பதைத் தின்றது யார்?

மறுநாள் விடியலில் இன்னொரு தடவை பார்த்துவிடலாம் என்று எழுந்தாள். இந்த முறை பல்பை மட்டும் அணைத்து விட்டுவிடவில்லை. கதவோரத்து மெயின் சுவிட்சையே கீழே இழுத்துவிட்டாள். அதை இழுத்துவிட்டால் அந்தக் காம்பராவுக்குள் ஒரு சொட்டுக் கரண்டு நுழைய முடியாது. டோர்ச் லைட்டோடு பலகைக்கு வந்தாள்.

அவளுடைய மீட்டர் வெட்டு வெட்டென்று வெட்டிக்கொண்டிருந்தது. இஸ்திரிப் பெட்டி போட்டால் எப்படி மின்னுமோ, அப்படி.

அவள் போட்ட சத்தத்தில் பாதி லயம் எழுந்து வந்தது. ராசம்மா தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு ஓடி வந்து பார்த்தாள். "பாத்தியா? நான் அன்னைக்கே சொன்னேன்ல? இது பேய் புடிச்ச மீட்டரு. வீட்ட அணைச்சா எரியுது, வீட்டுல எரிஞ்சா அணையுது!"

"கல்லெடுத்துப் போடுங்கடா அதுல," என்றது இருட்டில் ஒரு குரல்.

"யாரும் தொடப்படாது," என்றாள் ஜீவராணி. ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே அப்போது தெரியவில்லை.

அன்றைக்கு மலையில் அவளுக்குக் கை மட்டும்தான் கொழுந்தில் இருந்தது. பேய், கிறுக்கு என்று சொல்லிவிடுவது சுலபம். ஆனால் கிறுக்குப் பிடித்தது கண்ட நேரத்தில் கண்டபடி ஆடும். இது அப்படி ஆடவில்லை. புதன்கிழமை அசையாமல் இருந்தது. இன்றைக்கு ஒரே தாளத்தில், ஒரு மின்னல் பிசகாமல் வெட்டியது. தாளம் தவறாமல் வெட்டுகிற ஒன்று எதையோ உண்மையாகத்தான் எண்ணிக்கொண்டிருக்க வேண்டும்.

ஏணிக்காரன் சொன்னதை அவள் மறுபடி நினைத்தாள். கரண்டு ஓடினால் மின்னும். அவள் வீட்டில் ஓடவில்லை, ஆனால் மின்னியது. அவள் வீட்டில் ஓடியது, ஆனால் மின்னவில்லை. இரண்டும் உண்மை. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க ஒரே ஒரு வழிதான் இருந்தது. அது தெரிந்ததும் அவள் கை நின்றுவிட்டது.

"ராசம்மாக்கா," என்று பக்கத்து நிரைக்குக் குரல் கொடுத்தாள். "அந்த மீட்டரு பொய் சொல்லலக்கா. உண்மையத்தான் சொல்லுது. எங்க வீட்டப் பத்திச் சொல்லல, அவ்வளவுதான்."

"பின்ன யாரு வீட்டப் பத்தி?"

"அதத்தான் பாக்கணும். ஞாயித்துக்கெழமை எல்லாரும் லைட்ட அணைக்கணும்."

"ஞாயித்துக்கெழமையா? டீவியில படம் போடுறப்ப எவடி அணைப்பா?"

இது நியாயமான கேள்வி. ஜீவராணி சனிக்கிழமை பின்னேரம் கீழ்பக்கத்து மற்ற ஐந்து காம்பராக்களுக்கும் போய் ஒரே வார்த்தை சொன்னாள்: நாளைக் காலையில் மெயின் சுவிட்சை இழுத்து விடுகிற வீட்டுக்குத் தோசை காசில்லாமல். ஆளுக்கு எத்தனை என்று பொன்னையா கேட்டான். வயிறு கொள்ளும் மட்டும் என்றாள்.

அவளுடைய யோசனை எளிமையானது. எல்லா வீட்டையும் இருட்டாக்கிவிட்டால் எந்த மீட்டரும் மின்னாது. பிறகு ஒரு வீட்டின் சுவிட்சை மட்டும் மேலே தள்ளி, அங்கே கரண்டை நிறைய இழுக்கிற ஒரு சாமானைச் செருக வேண்டும். பலகையில் எது வெட்டுகிறதோ அதுதான் அந்த வீட்டு மீட்டர். பல்பு போட்டுப் பார்த்தால் காத்துக் கிடக்க வேண்டும். அதனால் இஸ்திரிப் பெட்டி. ஒரே பெட்டி எல்லா வீட்டுக்கும் போனால், 'உன் பெட்டி பெரிசு, என் பெட்டி சிறுசு' என்ற பேச்சுக்கும் இடமில்லை. பிளக் இல்லாத ராசம்மா வீட்டுக்கு, பல்பு மாட்டும் இடத்தில் செருகும் ஒரு சொக்கட்டைக் கந்தப்பன் தேடிக் கொடுத்தான். கொடுக்கும்போது, "வேன் பத்து மணிக்கு வந்துடும் ராணி," என்று நினைவூட்டவும் செய்தான்.

வேன் ஒன்பதரைக்கே வந்துவிட்டது. ஓட்டி வந்தவன் சுமன் என்ற கினிகத்தேனைக் கடைப் பையன். இரண்டு பிள்ளைகளின் தகப்பன் என்றாலும் ஊர் அவனை அப்படித்தான் கூப்பிட்டது. ஜீவராணி கடைசித் தோசையைச் சுட்டுக் கவிழ்த்துவிட்டு அடுப்பை விட்டு எழுந்தபோது, கந்தப்பனும் அவனும் கிரைண்டரை ஆளுக்கொரு பக்கம் பிடித்து வெளியே கொண்டு போய்க்கொண்டிருந்தார்கள். அவள் இஸ்திரிப் பெட்டியை எடுத்துக்கொண்டாள்.

"வண்டிய எடுக்கிறதுக்கு முந்தி ரெண்டு தோசை தின்னுட்டுப் போங்கண்ணே," என்று சுமனுக்கு ஒரு தட்டை நீட்டினாள். நேரம் வாங்குவதற்கு அதைவிட நல்ல வழி அவளுக்குத் தெரியவில்லை.

கீழ்பக்கம் முழுவதும் மெயின் சுவிட்சுகள் இறங்கின. ராசம்மா பலகைக்கு முன்னால் காவல்காரி மாதிரி நின்றாள். மேல்பக்கத்துப் பெண்கள் வேடிக்கை பார்க்கப் படியில் உட்கார்ந்தார்கள்.

"கீழ் வரிசையில ஒண்ணும் மின்னல!" என்று ராசம்மா அறிவித்தாள். "செத்துப் போச்சு எல்லாம்!"

ஜீவராணி முதலில் ராசம்மாவின் வீட்டுக்குள்தான் போனாள். முதலாம் காம்பரா. சுவிட்சைத் தள்ளி, பெட்டியைச் செருகினாள். வெளியிலிருந்து சத்தம் வரவில்லை. பெட்டியின் அடி சூடாகி, துணி வாசம் வந்துவிட்டது. இன்னும் சத்தமில்லை.

"என்னாக்கா, மின்னுதா?"

"ஒண்ணாம் நம்பரு மின்னலடி!" என்றாள் ராசம்மா. கொஞ்சம் பொறுத்து, வேறு குரலில்: "ஏய்... ஆறு மின்னுது! ஆறாம் நம்பரு வெட்டுது!"

தோசையை வாயில் வைத்த பொன்னையா எழுந்து நின்றான். "ஆறு என் மீட்டருல்ல?"

"ஒன் ஐஸ் பெட்டிக்கு நான் பில்லு கட்டுறேனாடா?" ராசம்மாவின் குரல் ஆற்றுக்கு அந்தப் பக்கம் கேட்டிருக்கும். "அன்னைக்கு என்னா பேச்சுப் பேசின! 'மீட்டருன்னா இதுதான் மீட்டரு'ன்னு!"

"அக்கா, சத்தியமா எனக்குத் தெரியாதுக்கா..."

"பெறகு சண்ட போடுங்க," என்று ஜீவராணி தன் காம்பராவுக்கு ஓடினாள். முதலாம் காம்பராவின் சுவிட்சை இறக்கிவிட்டு, இரண்டாவதை ஏற்றி, பெட்டியைச் செருகினாள். கிரைண்டர் இருந்த இடம் வெறுமையாக இருந்தது. அதைப் பார்க்காமல் கதவைப் பார்த்து நின்றாள்.

"அஞ்சு!" என்றாள் ராசம்மா. "ரெண்டு மின்னல. அஞ்சு வெட்டுது!"

கூட்டம் வீரய்யாவைப் பார்த்தது. அவர் தொண்டையைச் செருமினார். "அது... ஒயரு எங்கயாச்சும் ஒரசியிருக்கும்."

"மாமா, ஒங்க வீட்டுலயும் வச்சுப் பாத்துருவோம்," என்றாள் ஜீவராணி.

"எங்க வீட்டுல எதுக்கு? அங்க ரெண்டு பல்புதான். பிளக்கெல்லாம் கெடையாது."

அவருடைய மனைவி நாகலெட்சுமி கதவை அகலத் திறந்தாள். அவளுக்கு வயிறு நிறைந்திருந்தது, மனசும் திறந்திருந்தது. "பிளக்கு இல்லாமலா? நீ வா புள்ள. அந்த ஹீட்டர் கம்பியக் கழட்டிட்டு ஒன் பெட்டியச் சொருகு. வாளியப் பாத்து, இன்னும் சூடாத்தான் இருக்கும். தலைவரு குளிச்சது போக மிச்சம்."

மேல்பக்கத்துப் படியில் யாரோ "பச்சத் தண்ணி!" என்று மெல்லச் சொன்னார்கள். லயமே உடைந்து சிரித்தது.

"மூட்டு வலிக்கு டொக்டரு சொன்னாரு!" என்றார் வீரய்யா.

"எப்ப சொன்னாரு? கொழும்புல இருந்து மகன் கம்பி கொண்டாந்த அன்னைக்கா?" என்றாள் நாகலெட்சுமி.

ஐந்தாம் காம்பராவில் பெட்டியைச் செருகியதும், கீழ் வரிசை இரண்டாம் மீட்டர் வெட்டத் தொடங்கியது. வியாழக்கிழமை விடியலில் வெட்டிய அதே தாளம். மெயின் சுவிட்சை இழுத்துவிட்ட வீட்டுக்கு மீட்டர் ஓடிய அதிசயம், தலைவரின் வாளியில் கிடந்த கம்பிதான் என்பது பச்சைப் பிள்ளைக்கும் விளங்கிவிட்டது. புதன்கிழமை பகலில் அந்த வீட்டில் யாரும் வெந்நீர் போடவில்லை, கம்பி சும்மா கிடந்தது, மீட்டரும் சும்மா இருந்தது. அன்றைக்கு ஜீவராணி கொஞ்சம் தலையைத் திருப்பி ஐந்தாம் மீட்டரைப் பார்த்திருந்தால், அவளுடைய கிரைண்டர் அங்கே மின்னிக்கொண்டிருந்ததைக் கண்டிருப்பாள். ஆனால் யார்தான் அடுத்தவன் மீட்டரைப் பார்க்கிறார்கள்?

மூன்றாம் காம்பராவுக்குப் பெட்டி போகும்போது ராசம்மாவைக் கேட்க வேண்டியிருக்கவில்லை. "நாலு! நாலுதான் மின்னும்!" என்று எல்லோரும் முன்கூட்டியே கத்தினார்கள். நான்குதான் மின்னியது. அப்போது எழுந்த கைதட்டல், காமன் கூத்துக்குக்கூட அந்த லயத்தில் எழுந்ததில்லை.

ஆனால் ஏன்? ஜீவராணி பெட்டியைக் கையில் பிடித்தபடி லயத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தாள். ஒன்று ஆறானது, இரண்டு ஐந்தானது, மூன்று நான்கானது. யாரோ வரிசையைப் பிடித்துத் தலைமாட்டைக் கால்மாட்டாகத் திருப்பி வைத்த மாதிரி. அவள் படியில் இருந்த மேல்பக்கத்துப் பெண்களிடம் கேட்டாள்: "ஒங்களுக்கு ஒண்ணாம் காம்பரா எது?"

"கோயில் பக்கத்துக் கோடி."

"எங்களுக்குப் பீலிப் பக்கத்துக் கோடி!"

அந்தத் தோட்டத்தில் எல்லோரும் காம்பராவை இப்படித்தான் எண்ணுவார்கள். வாசலில் நின்று வீட்டைப் பார்த்து, இடது கைப் பக்கத்திலிருந்து ஒன்று, இரண்டு. மேல்பக்கத்துக்காரர்களுக்கு இடது கையில் மாரியம்மன் கோயில் இருக்கிறது. கீழ்பக்கத்துக்காரர்கள் எதிர்ப்புறத்திலிருந்து பார்க்கிறார்கள். அவர்களுக்கு இடது கையில் பீலி. ஒப்பந்தக்காரரின் ஆட்கள் கூரைக்குள் ஒரே பாதையில் வந்து, முதுகு ஒட்டிய இரண்டு காம்பராவுக்கும் ஒரே துளையில் ஒயர் இறக்கினார்கள். மேல்பக்கத்து எண்ணைக் கேட்டார்கள். 'முதுகுக்குப் பின்னால் இருப்பதும் அதே எண்தானே' என்று நினைத்துக்கொண்டார்கள். வீடு மாறவில்லை, மீட்டர் பழுதாகவில்லை. எண்ணத் தொடங்கிய இடம் மட்டும் மாறிவிட்டது.

அவள் இதைச் சொல்லி முடிக்கும்போது கந்தப்பன் கூட்டத்தின் பின்னால் நின்றான். நேராக வேனுக்குப் போய்ப் பின்கதவைத் திறந்தான்.

"என்னா அண்ணே?" என்றான் சுமன், மூன்றாவது தட்டோடு.

"எறக்கு."

"மொதலாளி ஏசுவாரு."

"தின்னது தோசைதானே? இந்தக் கிரைண்டர எடுத்துட்டுப் போனா அடுத்த வாட்டி எங்க தின்னுவ?"

சுமன் தட்டைப் பார்த்தான், கிரைண்டரைப் பார்த்தான். தட்டை நக்கி வைத்துவிட்டு ஒரு பக்கத்தைப் பிடித்தான். இருவரும் அதை உள்ளே கொண்டு போனபோது, பெண்கள் தேருக்கு வழி விடுவது போல இரண்டு பக்கமும் ஒதுங்கினார்கள். ராசம்மா குலவையே போட்டுவிட்டாள்.

மின்சார அலுவலகத்துக்குப் போன் பண்ணியது வீரய்யாதான். தலைவர் வேலை அவருடையது. "எங்க லயத்தில ஒரு தொழில்நுட்பத் தவறக் கண்டுபுடிச்சிருக்கோம்," என்று எல்லோருக்கும் கேட்கும்படி பேசினார். யாரும் அதில் குறை சொல்லவில்லை. அவர் வீட்டில் அதற்குப் பிறகு வெந்நீர் பகிரங்கமாகவே காய்ந்தது.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் மின் அத்தியட்சகர் பேரின்பநாயகம் இரண்டு வேலையாட்களோடு ஜீப்பில் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், நிதானமான மனுஷர். ஏணியில் ஏறிக் கூரைக்குள் தானே டோர்ச் அடித்துப் பார்த்தார். இறங்கி, கையில் இருந்த ஒட்டடையைத் தட்டிவிட்டுச் சிரித்தார்.

"ஓம், நீங்கள் சொன்னது அப்படியே சரி. மீட்டரில ஒரு பிழையும் இல்லை. ஆர் பிள்ளை இதைக் கண்டுபிடிச்சது?"

எல்லோர் கைகளும் ஜீவராணியை நோக்கி நீண்டன.

"எப்படிச் செய்தனீங்கள்?"

அவள் இஸ்திரிப் பெட்டியைப் பற்றிச் சொன்னாள். அவர் இடையில் நிறுத்தாமல் கேட்டார். ஏன் பல்பை வைத்துப் பார்க்கவில்லை என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். அதற்கும் அவள் பதில் சொன்னாள்.

"எங்கட ஆக்களும் இனி இப்படித்தான் பார்க்க வேணும். வேலை முடிச்ச கையோட ஒருக்கால் பெட்டியைக் கொண்டு சுத்தியிருந்தால் இந்தக் கரைச்சல் இல்லை," என்றார். மாறிப்போன பில்களையும் திருத்தித் தருவதாகச் சொன்னார். வேலையாட்கள் வீடுகளுக்குள் போகவே இல்லை. பலகையடியிலேயே ஆறு ஒயர்களைக் கழற்றி, இடம் மாற்றிப் பூட்டினார்கள். அவ்வளவுதான் வேலை.

"இப்ப ஏதாவது போட்டுப் பாருங்கோ," என்றார் பேரின்பநாயகம்.

ஜீவராணி உள்ளே போய்க் கிரைண்டரைத் தட்டிவிட்டு ஓடி வந்தாள். கந்தப்பன் மீட்டருக்கு மிக அருகில் முகத்தை வைத்துக்கொண்டிருந்தான். இரண்டாம் எண்ணில் லைட் ஒரு தடவை மின்னியது. பத்துப் பன்னிரண்டு வரை எண்ணும் நேரம் போய், இன்னொரு தடவை. அவசரமே இல்லாத மின்னல்.

"இம்புட்டுத்தானா திங்குது?" என்றான் கந்தப்பன். "இதுக்கா நான் வேனக் கூப்பிட்டேன்?"

"கேட்டா வேணாம்பேன்னு சொன்னீங்களே. பாத்தீங்களா, ஏன் வேணாம்பேன்னு!"

"சரி தாயே. மாவு பொங்கிடப் போவுது, நான் போய்த் தள்ளி விடுறேன்."

அவன் உள்ளே போகும்போதே, அடுத்த டிவிசனிலிருந்து நாலைந்து பேர் மூச்சு வாங்கப் படியிறங்கி வந்தார்கள். அங்கேயும் இரட்டை லயம், அதே ஒப்பந்தக்காரர், அங்கேயும் பாதிப் பேர் மீட்டரைத் திட்டிக்கொண்டிருந்தார்கள், பாதிப் பேர் புகழ்ந்துகொண்டிருந்தார்கள்.

"தோசைக்காரம்மா, ஒங்க பெட்டியோட ஒரு நட எங்க லயத்துக்கும் வர ஏலுமா? ஐயாவும் இங்கயே இருக்காரு."

ஜீவராணி பேரின்பநாயகத்தைப் பார்த்தாள். அவர் ஜீப்பின் பின்கதவைத் திறந்துவிட்டார்.

"தோசை கேட்டு எவனாச்சும் வந்தா, மாவு எங்க வீட்டுக்காரருகிட்ட இருக்குன்னு சொல்லுங்கக்கா," என்று ராசம்மாவிடம் சொல்லிவிட்டு, இஸ்திரிப் பெட்டியின் ஒயரைக் கையில் சுற்றிக்கொண்டு ஏறினாள். ராசம்மா அங்கே நிற்கவில்லை. மீட்டரடியில் சத்தம் போடத் தான் இல்லாமல் எப்படி என்று, அவளும் ஏறிக்கொண்டாள்.